டெல்ஃபாவின் மகளால் அவர்களுக்கு என்ன லாபம்

எங்கள் ஓடைப் பள்ளத்தாக்கில் பள்ளிப் பேருந்து ஓட்டிய டெல்ஃபா நேப்பியர் யாரையும் நம்பியதில்லை. ஆனால் ஊரே தன் பிள்ளைகளை நம்பி ஒப்படைத்திருந்தது அவரிடம்தான். கிழக்குக் கென்டக்கியின் மலைச் சாலைகளில், பாதி இடிந்து விழுந்த வளைவுகளில், தினமும் இரண்டு முறை.

நம்பாமைக்குக் காரணங்கள் இருந்தன. சிரித்த முகத்தோடு வந்த ஒரு நிலக்கரிக் கம்பெனிக்காரன், அவருடைய தாத்தாவிடம் மலையின் மேல்பாகத்தை விட்டுவிட்டு அடியில் இருந்ததையெல்லாம் எழுதி வாங்கிக்கொண்டு போனான். டெல்ஃபாவுக்கு ஒன்பது வயதிருக்கும்போது தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். அன்று அவர் காலில் புத்தம் புதுச் சப்பாத்து. கழற்றிவிட்டு நிற்கச் சொல்லிப் படமெடுத்தார்கள். ஏழைக் குழந்தை என்று நாடெங்கும் காட்டினார்கள். அதற்குப் பிறகு, உதவி செய்ய வருகிற எவரைக் கண்டாலும் டெல்ஃபா முதலில் தன் கால்களைப் பார்த்துக்கொள்வார்.

இப்படிப்பட்டவரின் மகள் ரொவீனாவைத்தான் பக்கத்து டவுனின் சமுதாயக் கல்லூரி தேர்ந்தெடுத்தது. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளைக் கல்லூரிப் படிப்புக்குத் தயார்செய்யும் திட்டம் அது. சனிக்கிழமைகளில் கணக்கும் கட்டுரையும். மதியச் சாப்பாடு அவர்களே போடுவார்கள். கோடையில் அங்கேயே தங்கி, நிஜமான கல்லூரி வகுப்பில் உட்காரலாம். எல்லாம் இலவசம். அந்தக் கடைசிச் சொல்லைத் துண்டறிக்கையில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அதைவிடப் பெரிய தவறை அவர்கள் செய்திருக்க முடியாது.

சனிக்கிழமைகளுக்கு டெல்ஃபா ஒருவழியாகச் சம்மதித்தார். ஆனால் மகள் அங்கே சாப்பிடுகிறாள் என்பது அவரை உறுத்தியது. எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டில் சாப்பிட்டால் அவர்களுக்கு ஏதாவது போய்ச் சேர வேண்டும். ஆகவே உப்புநீரில் புளிக்க வைத்த பீன்ஸ் ஒரு கண்ணாடி ஜாடி நிறைய, திட்டத்தை நடத்திய கார்ல்டன் பீச்சமுக்குப் போனது. அடுத்த வாரம் மூடி திறக்காமலே திரும்பி வந்தது.

"அங்க வேலை பாக்கறவங்க எதுவும் வாங்கக் கூடாதாம்மா. ரூலாம்" என்றாள் ரொவீனா.

"ஊறுகாயை வாங்க மாட்டானாம், பொண்ணை மட்டும் வாங்கிப்பானாமா?"

அத்தோடு கோடைப் பேச்சு முடிந்தது. எங்கள் மலையில் காலி ஜாடிதான் திரும்பி வரும். நிரம்பிய ஜாடி திரும்பி வந்தால், 'உன்னோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை' என்று அர்த்தம். ஒஹாயோவில் வளர்ந்த பீச்சமுக்கு இது தெரியாது. விதியை மதித்து நடந்ததில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ரொவீனா அம்மாவோடு பேசுவதை நிறுத்தினாள். பேருந்தின் கடைசி இருக்கையில், கண்ணாடியில் அம்மா கண்ணுக்குப் படும்படி உட்கார்ந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் அவள் இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

அவளுக்கு வரலாறு எடுப்பவன் என்ற முறையில் நான் போய்ப் பேசினேன். திட்டம் நல்லது, அங்கே இருப்பவர்கள் நல்லவர்கள், எதையும் எதிர்பார்க்காதவர்கள் என்று அடுக்கினேன்.

"எதையுமே எதிர்பாக்காதவன் எதுக்கு வாத்தியாரே மலையேறி வர்றான்?" என்றார் டெல்ஃபா. "உங்களையும் சேர்த்துக்கிட்டாங்களா?"

பதினெட்டு வருடம் படித்த படிப்பு அந்த இடத்தில் எனக்கு உதவவில்லை. பீச்சமைத் தொலைபேசியில் பிடித்து, "நேரில் வாருங்கள், ஆனால் நல்லவராக வராதீர்கள்" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

வியாழக்கிழமை மாலை வந்தார். டெல்ஃபா பேருந்துக்குள் பெருக்கிக்கொண்டிருந்தார். நான் படியருகே நின்றேன்.

"பொண்ணு கெட்டிக்காரிங்க. அவளோட எதிர்காலத்துக்காகத்தான்..." என்று தொடங்கினார் பீச்சம்.

"அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. உனக்கு என்ன லாபம்?"

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. இது ஒரு சேவை."

குப்பை முழுவதும் அவர் சப்பாத்தின் மேல் வந்து விழுந்தது. பீச்சம் துடைத்துக்கொண்டார். மறுபடி சேவை என்றார். மறுபடி குப்பை. மூன்றாம் முறை அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"சரி, கேட்டுக்குங்க! ஆள் குறைஞ்சா வாஷிங்டன்ல திட்டத்தையே இழுத்து மூடிடுவாங்க. போன வருஷமே எச்சரிச்சுட்டாங்க. உங்க பொண்ணு வரலைன்னா எண்ணிக்கை நிறையாது. என் வேலை போயிடும். எனக்குக் கைக்குழந்தை இருக்கு. போதுமா?"

சொல்லிவிட்டு அவரே பயந்துபோனார். டெல்ஃபா துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் அதுவரை பார்த்ததில்லை.

"இதை மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல? உனக்கு அவ வேணும். அவளுக்கு நீ வேணும். இது நியாயமான பேச்சு."

பீச்சம் சிரிக்கப் பார்த்தார்.

"இரு, இன்னும் முடியல. அங்க படிச்சுட்டுப் போறதுங்க திரும்பி இந்த மலைக்கு வருதுங்களா?"

அந்த மனிதர் என்னைப் பார்த்தார். நான் சக்கரத்தைப் பார்த்தேன்.

"பெரும்பாலும் வர்றதில்லம்மா."

டெல்ஃபா நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியில் கடைசி இருக்கை காலியாகத் தெரிந்தது. பிறகு, "எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டார்.

கல்லூரி வேனை அவர் நம்பவில்லை. கோடையில் தன் சொந்த டிரக்கில் மகளைக் கொண்டுபோய் விட்டார். விடுதியில் சன்னல் கொக்கி, கதவுத் தாழ்ப்பாள், பக்கத்து அறைப் பெண்ணின் ஊர், உறவு எல்லாம் விசாரித்தார்.

"போம்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் ரொவீனா.

"பாக்கட்டும். நானும் பாக்கறேன்."

பீச்சம் சொன்னது பலித்தது. ரொவீனா அங்கிருந்து பெரிய கல்லூரிக்கும், அங்கிருந்து சின்சினாட்டிக்கும் போனாள். ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கிறிஸ்துமஸுக்கு வருகிறாள், அதுவும் எல்லா வருடமும் அல்ல. டெல்ஃபா அதைப் பற்றி யாரிடமும் புலம்பியதில்லை. சந்தேகப்பட்டது சரியாகப் போனதில் மனிதருக்கு ஒருவித ஆறுதல் இருக்கும்போல.

போன வசந்தத்தில் ஒரு காலை, ஓடை முகப்பு நிறுத்தத்தில் பேருந்து நின்றது. அன்று நானும் அதில் இருந்தேன். லூடீன் என்கிற ஒரு தாய் சன்னலருகே வந்தாள்.

"டெல்ஃபாக்கா, எங்க வீட்டுப் பொண்ணையும் கோடைக்கு அந்தக் காலேஜுல கேக்கறாங்க. எல்லாம் இலவசமாமே?"

"இலவசமா? எவன் சொன்னான்?" டெல்ஃபாவின் குரல் பேருந்து முழுக்கக் கேட்டது. "எம்பொண்ணைக் குடுத்துருக்கேன்டி நான்."

லூடீன் தயங்கினாள். "அப்ப அனுப்ப வேணாங்கிறீங்களா?"

டெல்ஃபா கண்ணாடியில் ஒருமுறை பின்னால் பார்த்தார். கியரைப் போட்டார்.

"கோடை லீவு விட்டதும் பெட்டியோட ரெடியா நிக்கச் சொல்லு. அந்த வேனெல்லாம் வேணாம். நானே கொண்டுபோய் விடறேன்."