பிளெக்ஸில் இல்லாத கழுத்து

எனக்குச் சடங்கு வைத்தபோது ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். வயதுக்கு வந்த நாளிலிருந்து வீட்டில் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும்தான். முகம் உப்பிக்கொண்டே போனது. பார்க்க வந்த அத்தைமார், "களி நல்லாப் பிடிச்சிருக்கு, பிள்ளை பூசுனாப்ல ஆயிட்டா" என்று மெச்சிவிட்டுப் போனார்கள். எனக்கோ உட்கார்ந்தால் தூக்கம், எழுந்தால் அசதி. சித்திரை வெயிலில் ஊரே வெந்துகொண்டிருக்க, நான் ஃபேனை நிறுத்தச் சொல்லிப் போர்த்திக்கொண்டு படுத்தேன்.

அம்மா பள்ளிக்கூட ஆசிரியை. ஊரான் வீட்டுப் பிள்ளை வாடினால் உடனே கண்டுபிடித்துவிடுவாள். என் வாட்டத்துக்கு மட்டும் அவள் வைத்த பெயர் சோம்பேறித்தனம். "இம்புட்டு நேரமாடி தலை சீவுற? எருமைமாடுகூட உன்னைய விட வேகமா நடக்கும்." சீப்போடு கொத்துக்கொத்தாக முடி வந்தது. அதற்கும் நான்தான் காரணம், எண்ணெய் வைப்பதில்லையாம்.

ஒருநாள் சடங்குக்கு எடுத்த நெக்லஸைப் போட்டுப் பார்த்தபோது அம்மாவின் விரல் என் தொண்டைக்குழிக்கு மேலே நின்றது. அங்கே ஒரு மேடு. கொக்கியை மாட்டாமலே நெக்லஸை எடுத்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று அப்பா கேட்டார். "சடங்கு முடியட்டும். இப்பப் போனா பிள்ளைக்கு என்னமோ சீக்குன்னு ஊரு பூராப் பேசுவாக. நாளைக்கு எவன் கட்டிக்கிருவான்?" அப்பா அதற்குமேல் பேசுகிறவர் இல்லை.

மதுரையில் பிளெக்ஸ் இல்லாமல் காதுகுத்துகூட நடக்காது. எனக்கும் ஸ்டுடியோவில் படம் எடுத்தார்கள். கம்ப்யூட்டர் திரையில் என் முகம் வந்ததும் அம்மா குனிந்து, "அண்ணே, கழுத்துல அது மட்டும் தெரியாமப் பண்ணிருங்க" என்றாள். ஸ்டுடியோக்காரர் ரெண்டு தேய்ப்பு தேய்த்தார். மேடு போய்விட்டது.

திருப்பரங்குன்றம் மண்டப வாசலில், வழவழவென்ற கழுத்தோடு பட்டுச்சேலையில் சிரித்துக்கொண்டு நின்றேன். அசல் நான் உள்ளே நாற்காலியில் கண்ணயர்ந்துகொண்டிருந்தேன். பேரையூரிலிருந்து சீரோடு வந்திருந்த தாய்மாமா மாலை போட்டு, கன்னத்தைத் தட்டி எழுப்பினார். பிறகு அத்தைமார் வரிசையாக வந்து கன்னத்திலும் கழுத்திலும் சந்தனம் பூசினார்கள்.

சடங்கு முடியட்டும் என்றவள், அடுத்து பரீட்சை முடியட்டும் என்றாள். பிளெக்ஸ் படத்தைச் சட்டம் போட்டு வீட்டு ஹாலில் மாட்டினாள். தினமும் பார்த்துப் பார்த்து அவளுக்கே அது உண்மையாகிவிட்டதோ என்னவோ. பத்தாம் வகுப்பில் தேர்வு எழுதும்போதே நான் தூங்கி விழ, பள்ளியிலிருந்து அவளைக் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் டாக்டரிடம் போனோம்.

அந்தப் பெண் டாக்டர் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கச் சொல்லிக் கழுத்தைப் பார்த்தார். விழுங்கும்போது மேடும் கூடவே ஏறி இறங்கியது. ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும், "தைராய்டு ரொம்பக் கம்மியாச் சுரக்குது. இந்த வீக்கம் எப்ப இருந்து இருக்கு?" என்றார்.

"இப்பத்தான் மேடம். போன வருசம் இல்லவே இல்ல." அம்மா செல்போனில் சடங்குப் படத்தை எடுத்துக் காட்டினாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அது என் கழுத்து இல்ல மேடம். அழிச்சது."

அம்மா என்னைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். அவள் முகம் விழுந்துவிட்டது. "நாந்தேன் அழிக்கச் சொன்னேன்" என்றாள்.

டாக்டர் திட்டவில்லை. "இது சோம்பேறித்தனம் இல்லம்மா. இதை வச்சுக்கிட்டு இந்தப் பிள்ளை இவ்வளவு நாள் பள்ளிக்கூடம் போனதே பெரிசு." அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அத்தனை நாளும் காத்திருந்தேன். அங்கேயே அழுதுவிட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் மாமா போன் பண்ணினார். மாத்திரைப் பையை மடியில் வைத்துக்கொண்டே, "கோயிலுக்கு வந்தோம்ணே" என்றாள் அம்மா. நான் போனைப் பிடுங்கினேன். "பொய் மாமா. ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தோம். எனக்குத் தைராய்டு. கழுத்துல வீக்கம்."

மாமா சொன்னார்: "தெரியும் தாயி. அன்னைக்கு மாலை போடுறப்பவே பார்த்தேன். கேட்டா உங்கம்மா சங்கடப்படுவாளேன்னு விட்டுட்டேன்."

சந்தனம் பூசிய அத்தைமார் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். அவர்கள் விரலெல்லாம் அங்கே பட்டிருக்கும்.