வாசல் மரத்தில் சிவப்புக் குறி

என் வீட்டுக்காரரின் சட்டைப் பையைத் துழாவாமல் நான் துணி ஊறவைத்ததே இல்லை. ஆணி, சணல், பாதி கடித்த பிஸ்கட் என்று என்னென்னவோ வரும். மனிதர் நகராட்சித் தோட்டப் பிரிவில் வேலை பார்க்கிறார். தன்னை மர வைத்தியர் என்று சொல்லிக்கொள்வார். தெருக்காரர்கள் வைத்த பெயர் எமன்.

வைக்காமல் என்ன செய்வார்கள்? கப்பலில் வந்த மரப்பெட்டிகளோடு ஒரு வண்டு ஊருக்குள் நுழைந்துவிட்டது. எள்ளளவுதான் இருக்கும். அழகுக்காக நட்ட ஊசியிலை மரங்களின் பட்டைக்குள் புகுந்து குடும்பம் நடத்தும். மரம் நின்றபடியே காய்ந்துபோகும். மற்ற மரங்களுக்குப் பரவக் கூடாதென்று, வண்டு புகுந்த மரத்தில் இவர் சிவப்புப் பெயின்டால் குறி போடுவார். மறுநாள் ரம்பம் வரும். எத்தனையோ பேர் கெஞ்சியிருக்கிறார்கள், இவர் மசிந்ததில்லை. அன்றைக்குச் சாப்பாடுதான் இறங்காது.

போன மாதம் எங்கள் பால்கனியிலேயே அந்த வண்டு. கொடியில் கிடந்த துணி மேலெல்லாம் ஊர்ந்தது. பால்கனியை ஒட்டி நிற்கிறது எங்கள் ஊசியிலை மரம். அதன் நிழலில்தான் என் தையல் மெஷினும் நானும் இத்தனை காலம் பிழைத்தோம். மற்றவர் மரமென்றால் பட்டையைச் சீவிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வார். சொந்த மரமென்றதும் பார்க்கக்கூட இல்லை, பெயின்ட் டப்பாவை எடுத்துவிட்டார்.

“ஊர் மரத்துக்கு ஒரு நியாயம், நம்ம மரத்துக்கு ஒரு நியாயமா? அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு தெருவுல நடப்பேன்?” என்றார்.

குறியும் போட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அவரிடம் காட்ட முடியாத கோபத்தைத் துணியிடம் காட்டலாமென்று கொடியிலிருந்ததை எல்லாம் உருவினேன். அவருடைய மழைக்கோட்டில்தான் வண்டு அப்பிக் கிடந்தது. மழைக்கோட்டை யார் துவைப்பார்கள்? அதன் உள்பையை மட்டும் நான் துழாவியதே இல்லை. அன்றைக்குக் கையை விட்டால், கிழிந்த பொட்டலம் ஒன்று. வண்டு பிடிக்கும் பொறிக்குள் வைக்கிற வாசனை மருந்து அது. அந்த வாசனைக்கு எங்கிருந்தாலும் வண்டு பறந்து வரும்.

நீட்டினேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

“அது மரத்தத் தேடி வரலடி. என் கோட்டத் தேடி வந்திருக்கு.”

அப்புறம்தான் ஏணி போட்டு ஏறினார். தான் சொன்னால் ஊர் நம்பாதென்று மேலதிகாரியையும் வரவழைத்தார். இருவரும் அடியிலிருந்து நுனிவரை தடவிப் பார்த்தார்கள். ஓர் ஓட்டை இல்லை, ஒரு சிட்டிகை மரத்தூள் இல்லை. மரம் நிற்கட்டும் என்று மேலதிகாரி சொன்னதும்தான் எனக்குப் போன உயிர் திரும்பியது. எமனே மனசு மாறிட்டாரா என்று எதிர்வீட்டு அக்கா கேலி செய்தார். இவர் சிரித்தார், கண் கலங்கியிருந்தது.

மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அந்தக் குறியைத் தானே தேய்த்துத் தேய்த்து அழித்தார். முடிந்ததும், சிவப்பு ஊறிய அந்தத் துணியை அழகாக மடித்துத் தன் வெள்ளைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். கறை போகாதென்று தெரிந்தும் தடுக்காமல் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.