போத்தல் தாலி

திருநீறும் பிராந்தியும் கலந்தால் என்ன வாசனை வரும் என்று கேட்டால் பதில் சொல்லக்கூடியவர்கள், இந்த மலாக்கா மாநிலத்தில் இன்று என்னைத் தவிர வேறு யாரும் இருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். லூபோக் சீனாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துத் துரையின் பங்களாவில் என் அப்பா சின்னையா பட்லராக இருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் சமையலறைத் தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்து, ஈரத்துணியில் திருநீற்றைத் தொட்டு, நான்கு சின்ன வெள்ளித் தகடுகளைத் தேய்ப்பார். துரை மதுவை ஊற்றிவைக்கும் கண்ணாடிக் குடுவைகளின் கழுத்தில் மெல்லிய சங்கிலியோடு தொங்குபவை அவை. எந்தக் குடுவையில் என்ன இருக்கிறது என்று அவற்றில் ஆங்கிலத்தில் வெட்டியிருக்கும். அப்பாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. திராட்சை இலை போட்டது பிராந்தி, சிப்பி மாதிரி இருப்பது விஸ்கி என்று தானே அடையாளம் வைத்திருந்தார். "சாமிக்கு வச்ச துன்னூற எடுத்துச் சாராயத்துக்குப் பூசுறீங்களே" என்று அம்மா முணுமுணுப்பாள். "வெள்ளிக்குத் துன்னூறு மாதிரி வராது புள்ள" என்பார் அப்பா. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த எங்கள் லயத்தில் அந்தத் தகடுகளுக்குப் பெயர் "போத்தல் தாலி".

துரை குடிக்கும் மது வேறு, சேர்க்கும் மது வேறு. சீமைக்கு விடுமுறையில் போகும்போதெல்லாம் அங்கே ஏலத்தில் எடுத்த பழைய போத்தல்களை வைக்கோல் சுற்றிக் கப்பலில் கொண்டுவந்து, அரக்கு முத்திரை உடையாமல் கண்ணாடி அலமாரியில் வரிசையாக நிறுத்தியிருந்தார். அந்த நான்கு தகடுகளும் அப்படி ஏலத்தில் வந்தவைதான். தோட்டத்துக் கள்ளுக்கடையில் வரிசை பிடித்து நிற்கும் எங்கள் ஜனங்களுக்கு இது விளங்கவேயில்லை. "குடிக்கிறதுக்கு வாங்கல லா, பாக்கிறதுக்கு வாங்கியிருக்காரு" என்று அப்பா விளக்கினால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்களாம். ஒருமுறை பிராந்தித் தகட்டின் சங்கிலி அறுந்துபோக, அப்பா செப்புக்கம்பியை முறுக்கி அதை இணைத்துவிட்டார். துரை கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அப்படியே இருக்கட்டும் என்றாராம். அதை ஒரு வாரம் லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தார் அப்பா.

அது, காட்டுக்குள் இருந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலம். லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள், அரிசியை அளந்துதான் கொடுத்தார்கள், வேலைக்குப் போகும் பெண்களின் கொண்டையைக்கூட வாசலில் அவிழ்த்துப் பார்த்தார்கள். காட்டில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்விடக்கூடாது என்று, டின் வாங்கினால் கடையிலேயே துளை போட்டுக் கொடுப்பார்கள். பால் டின்னுக்குள் மருந்தும் நகையும் காட்டுக்குப் போகிறது என்று ஒரு பேச்சு இருந்தது. பக்கத்து வீட்டுச் செல்லம்மா அத்தையின் புருஷன், மரத்தடியில் மறந்துவிட்டு வந்த பால்வெட்டுக் கத்தியை எடுக்க நேரம் தவறி வேலிக்கு வெளியே போனார். காவலுக்கு நின்ற பட்டாளத்தார் சுட்டுவிட்டார்கள். சுட்ட பிறகு அவரைக் காட்டுக்காரர்களின் ஆள் என்று ஆக்கிவிட்டார்கள், அத்தையையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தார்கள்.

பத்தாம் நாள், பிள்ளைகள் பார்க்கக்கூடாது என்று விரட்டியும் கேட்காமல் நான் கூட்டத்துக்குள் புகுந்து, அத்தையின் தாலியைக் கழற்றிப் பால் கிண்ணத்தில் போட்டதைப் பார்த்தேன். "ஏம்மா கழட்டுறாங்க?" என்று அம்மாவிடம் கேட்டேன். "புருஷன் போயிட்டா கழுத்துல கெடக்கக் கூடாது. கெடந்தா வீட்டுக்கு ஆகாது" என்றாள். எட்டு வயதில் எனக்குக் கிடைத்த விளக்கம் அவ்வளவுதான். அதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து, தோட்டச் சாலையில் வைத்துத் துரையைக் காட்டுக்காரர்கள் சுட்டுக் கொன்றார்கள். சொந்த அண்ணன் செத்தது போல அப்பா அழுதார். பங்களாவுக்கு அதிகாரிகள் வந்தார்கள். துரை எப்போது எந்த வழியாகப் போவார் என்று காட்டுக்கு யார் சொன்னது என்று ஒருபக்கம் விசாரித்தார்கள். இன்னொரு பக்கம், சாமான்களை மலாக்கா டவுனில் "லெலோங்" விடப்போகிறார்கள், அதாவது ஏலம் போடப்போகிறார்கள் என்று அறை அறையாக எழுதிக்கொண்டிருந்தார்கள். சாவிக்கொத்து அப்பாவிடம் இருந்தது. நானோ விரல்விட்டு நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பத்தாம் நாள் காலை அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போயிருந்ததால் அப்பா என்னைப் பங்களாவுக்குக் கூட்டிப்போனார். அவர் அதிகாரிகளுக்குத் தேநீர் கொண்டுபோன நேரம், நான் நாற்காலியில் ஏறி நான்கு தாலிகளையும் கழற்றினேன். துரை போய்விட்டார், இனி இவை கழுத்தில் கிடந்தால் வீட்டுக்கு ஆகாது, அந்த வீட்டில்தானே என் அப்பா நாள் முழுக்க நிற்கிறார் என்பதைத் தவிர என் மனதில் வேறொன்றும் இல்லை. பால் கிண்ணம் தேடினேன், கிடைக்கவில்லை. சமையலறை மேசையில் பாதி தீர்ந்த பால் டின் ஒன்று மூடி திறந்து கிடந்தது. ஒவ்வொன்றாக உள்ளே விட்டேன், செப்புக்கம்பி போட்டதைக் கடைசியாக. பெரிய மனுஷி வேலை செய்துவிட்ட பெருமையோடு கையை நக்கிக்கொண்டேன்.

மத்தியானத்துக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஓர் அதிகாரி டின்னைத் தட்டில் கவிழ்த்தபோது பாலோடு வெள்ளி வழிந்து விழுந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இதை யாருக்கு அனுப்ப வைத்திருந்தாய் என்று அப்பாவைக் கேட்டார்கள். அவருக்கு ஒன்றுமே புரியவில்லை. நான் ஓடிப்போய், "நான்தான் தாலி கழட்டுனேன், தொரதான் செத்துட்டாருல்ல" என்றேன். மொழிபெயர்க்க வந்திருந்த, தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதும் தமிழ்க் கிராணி நல்ல மனிதர். அவரால் முடிந்த மட்டும் அந்த வழக்கத்தை எடுத்துச் சொன்னார். அதிகாரி என்னையே பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். "இப்படிச் செய்யணும்னு ஒனக்கு யாரு பாப்பா சொல்லிக் கொடுத்தா?" என்றார் கிராணி.

"செல்லம்மா அத்த வீட்டுல பாத்தேன்" என்றேன்.

அந்தப் பெயர் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. அதிகாரி பேனாவை எடுத்ததும் அப்பா தரையில் மண்டியிட்டுவிட்டார். "அவ சின்னப் புள்ளங்க, வாய்க்கு வந்தத ஒளறுது. செல்லம்மாவுக்கு இதுல ஒண்ணுமில்லீங்க. நான்தான் எடுத்தேன்" என்றார். எடுக்காத திருட்டை அவ்வளவு தெளிவாக ஒப்புக்கொண்டார். லாரியில் ஏறும்போது என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார், அழாதே என்பதுபோல.

பல மாதம் தடுப்பு முகாமில் வைத்திருந்து, பிறகு கப்பல் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். இங்கே பிறந்த மனிதர் அவர். அங்கே அவருக்கு ஒரு நாதி கிடையாது. யாரோ எழுதிக்கொடுத்த ஒரே ஒரு கடிதம் வந்தது. அதில் தன்னைப் பற்றி இரண்டு வரி, மிச்சமெல்லாம் "புள்ளைய அடிக்காத" என்பதுதான். அம்மா ஏற்கெனவே அடித்து ஓய்ந்திருந்தாள். செல்லம்மா அத்தை சாகும்வரை எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் சுமந்தாள்.

ஆறு வருடம் கழித்து அப்பா இறந்துவிட்டதாகத் தகவல் வந்தது. அழுது முடித்த அம்மா, பத்தாம் நாள் பெண்கள் நெருங்கியபோது அவர்களை விலக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "பால் கொண்டாடி. நீயே கழட்டு. ஒனக்குத்தான் பழக்கமாச்சே" என்றாள். அவள் என்னை மன்னிக்கவேயில்லை. அதற்காக அவள்மேல் எனக்குக் கோபமும் இல்லை.

இன்று அந்தத் தோட்டத்தில் ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. பங்களா இருந்த மேட்டில் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை நிற்கிறது. பழைய மதுச் சாமான்கள் ஏலத்துக்கு வருகின்றன என்று எங்கே கேள்விப்பட்டாலும் நான் போய்விடுவேன். எதையும் வாங்குவதில்லை, சங்கிலிகளைத் திருப்பிச் செப்புக்கம்பி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்துவிடுவேன். போன மாதம் ஆயர் குரோவில் ஒரு ஏலத்திலும் பார்த்தேன், இல்லை. பழைய போத்தல் சேர்க்கும் தமிழ்ப் பையன் ஒருவன் பக்கத்தில் நின்றிருந்தான். என் கையிலிருந்த தகட்டைக் காட்டி, "பாட்டி, இது என்னான்னு தெரியுமா?" என்றான்.

"தெரியும் லா தம்பி. போத்தல் தாலி."

அவனுக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடித்துவிட்டது. சிரித்துக்கொண்டே கைப்பேசியில் குறித்துக்கொண்டு, "இந்த மாதிரி எத்தன பாத்துருக்கீங்க?" என்று கேட்டான். நாலு என்றேன். கழற்றியது ஐந்து என்பதை அவனிடம் சொல்லவில்லை.