சோதனைத்தாளாகப் போன சாதகம்

இந்த மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை, இருநூறு பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் என் மகளின் சாதகத்துக்கு விடை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் கண்ணால் பார்த்தேன்.

வழக்கமாக இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும்... நான் யாழ்ப்பாண நகரத்தில் ஒரு ரியூசன் நிலையத்தில் உயர்தர மாணவர்களுக்கு இணைந்த கணிதம் – தூய கணிதமும் பிரயோக கணிதமும் சேர்ந்த பாடம் – படிப்பிக்கிறவன். வீடு உடுப்பிட்டியில். சனிக்கிழமைதோறும் ஒரு சோதனை. வினாத்தாளை வீட்டில் தயாரித்து, பென் டிரைவில் ஏற்றி, சட்டைப் பையில் போட்டு, பஸ்ஸில் கொண்டுபோவேன். அந்தப் பென் டிரைவ் சட்டையோடு சேர்த்துத் தோய்க்கப்பட்டிருக்கிறது. பஸ் சீற்றில் தங்கியிருக்கிறது. ஒருமுறை சுகமாகப் போய்ச் சேர்ந்து, நிலையத்துக் கணினிகள் எல்லாவற்றுக்கும் வைரஸைக் கொடுத்துவிட்டு வந்தது.

இதைப் பார்த்துச் சலித்துப்போய் என் மகள் மதுரா ஒரு காரியம் செய்தாள். வீட்டில் இருந்தபடியே ஒரு கொழும்புக் கம்பனிக்கு மென்பொருள் எழுதுகிறவள் அவள். என் லாப்டொப்பில் ‘அனுப்பு’ என்று ஒரு ஃபோல்டர் திறந்தாள். அதற்குள் எதைப் போட்டாலும், விடியக்காலையில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் தானாக எழும்பி, அதை நிலையத்துக் கணினிக்கு அனுப்பிவிடும். அங்கே இன்னொரு ஸ்கிரிப்ட் அதை வாங்கி, பெரிய பிரிண்டரில் வகுப்புக்குத் தேவையான பிரதிகளை அடித்து வைத்துவிடும். எனக்கு என்ன வேலை? போடுவது மட்டும்.

எனக்குப் பிடிபடாத பெருமை. வீட்டுக்கு வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினேன். மனைவிக்கும்தான்.

“இஞ்சை பார், உதுக்குள்ளை போட்டாப் போதும். தானே போய்ச் சேர்ந்திடும்.”

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

மதுராவுக்குக் கல்யாணம் பேசத் தொடங்கி இரண்டு வருடம். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளையின் சாதகம் எப்படிப் பயணம் செய்யும் என்று உங்களுக்குத் தெரியாதா? உறைக்குள் வைத்து, சத்தம் இல்லாமல், ஒரு நேரத்தில் ஒரு வீட்டுக்கு. பல இடங்களுக்குப் போய் வந்தது என்று வெளியே தெரிந்தால் முடிந்தது கதை – “என்னவோ தோசமாம்” என்று ஊரே ஒரு கிரகத்தைத் தூக்கி எட்டாம் வீட்டில் வைத்துவிடும். அதனால் மனைவி அதை நகைகளோடு சேர்த்து அலுமாரியில் பூட்டி வைத்திருந்தாள்.

அதைக் கனடாவில் இருக்கும் தன் அக்காவுக்கு அனுப்ப வேண்டிவந்தது. போனில் எடுத்த படம் தெளிவில்லை என்று அங்கிருந்து முறைப்பாடு. சந்தியில் இருக்கும் கடையில் ஸ்கான் செய்வித்துக்கொண்டு வந்தாள். என்னைக் கேட்டிருக்கலாம். மகளைக் கேட்டிருக்கலாம். எதற்குக் கரைச்சல் என்று, வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்த ஃபோல்டருக்குள் தானே போட்டுவிட்டாள். ஃபைலுக்குப் பெயரும் வைத்தாள்: ‘கனடா அக்காவுக்கு’.

அன்றைக்கென்று நான் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய் வந்து, வினாத்தாளைப் போட மறந்து படுத்துவிட்டேன். ஸ்கிரிப்ட் மறக்கவில்லை.

காலையில் பஸ் சுணங்கியது. நான் போய்ச் சேர்வதற்குள், நிலையத்தில் வழக்கம்போலத் தாளைக் குப்புற வைத்துக் கொடுத்து, மணியும் அடித்துவிட்டார்கள். உள்ளே போனால் இலையான் பறந்தால் கேட்கும் அமைதி. முன்வரிசை வாங்கில் இருந்தவளின் தாளை எட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு பெட்டி. நடுவில் ‘இராசி’. மேலே என் மகளின் பெயர், என் பெயர், பிறந்த நேரம்...

அடுத்தவளின் தாளையும் பார்த்தேன். அதுவும் அதேதான்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குச் சாதகம் தெரியாதா என்று கேட்பீர்கள். நன்றாகத் தெரியும். ஆனால் சேர் தந்த தாள். மணியும் அடித்தாயிற்று.

“சேர், இது தூய கணிதமோ, பிரயோக கணிதமோ?” என்று ஒருத்தி எழும்பிக் கேட்டாள்.

“சேர், ராகுவும் கேதுவும் எப்பவும் எதிர்ப் பெட்டியிலைதான் இருக்கும் எண்டு எடுத்துக்கொண்டு செய்யலாமோ?” – இது கடைசி வாங்கு.

ஒருவன் அழகாகக் கோடு கீறி, ‘தரவு போதாது’ என்று முடித்திருந்தான். பிறகு யோசித்தபோது, அந்தச் சாதகத்தை இதுவரை பார்த்த சாத்திரியார்கள் எல்லோரிலும் இவன்தான் நேர்மையானவன் என்று பட்டது.

ஆனால் ஒருவர்கூட “சேர், பிழையான தாள் தந்திட்டியளோ?” என்று கேட்கவில்லை. கொடுத்ததைச் செய், ஏன் என்று கேட்காதே. ஸ்கிரிப்டும் அப்படி, நாங்கள் வளர்க்கிற பிள்ளைகளும் அப்படி. யாரை நோவது?

தாள்களைத் திருப்பி வாங்கினேன். வாங்கி என்ன பயன்? அன்று வராத கூட்டாளிகளுக்காக ஏற்கெனவே போனில் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். மத்தியானத்துக்குள் சாதகம் குடாநாட்டை ஒருதரம் சுற்றி வந்துவிட்டது.

வீட்டில் மனைவி அழுதாள். “கனடா எண்டு பேர் எழுதித்தானே போட்டனான். கம்பியூட்டருக்கு வாசிக்கத் தெரியாதோ?”

“அது பேரைப் பாக்காது. உள்ளுக்கை இருக்கிற எல்லாத்தையும் எடுக்கும்.”

“உதை முதலே சொல்லியிருக்கலாமே! இனி ஆர் என்ரை பிள்ளையைக் கேட்டு வருவினம்?”

அவளை ஏச மனம் வரவில்லை. எனக்கும் அதே பயம்தான். தெருவில் இறங்க வெட்கமாக இருந்தது. மதுரா மட்டும் தன் அறைக்குள் வேலை செய்துகொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை ஒரு போன் வந்தது. அளவெட்டியில் இருந்து ஒரு மாணவனின் தாய்.

“சேர், குறை நினையாதேங்கோ. மகன்ரை போனிலை இருந்த படத்தை எங்கடை சாத்திரியாரிட்டைக் காட்டினனாங்கள். என்ரை அண்ணையின்ரை மகனுக்கு நல்லாய்ப் பொருந்துதாம்.”

பொழுதுபடுவதற்குள் இன்னும் இரண்டு அழைப்பு. மனைவியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கண்ணைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் இருந்தாள். மெல்லக் கேட்டாள்.

“இஞ்சேருங்கோ, வாற சனியும் சோதனை வைக்கிறியளோ? பிள்ளையின்ரை படத்தையும் சேர்த்துப் போடுவம்.”

எனக்கும் தெம்பு வந்துவிட்டது. மகளின் அறை வாசலில் நின்று, தகப்பன் என்ற தோரணையில் குறை சொன்னேன்.

“எல்லாம் நல்லாய்த்தான் முடிஞ்சுது. எண்டாலும் பிள்ளை, அனுப்ப முதல் ‘நிச்சயமா?’ எண்டு ஒரு கேள்வி கேக்கிற மாதிரி எழுதியிருக்கலாமே?”

மதுரா திரையில் இருந்து கண்ணை எடுத்தாள்.

“ரெண்டு வருசமா என்ரை சாதகம் வீடு வீடாப் போய் வருது அப்பா. அனுப்ப முதல் ஆராவது என்னட்டைக் கேட்டனீங்களே?”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. “எங்கடை வீட்டைப் பாத்துத்தான் ஸ்கிரிப்டை எழுதினனான்.”

உண்மைதானே? பொருத்தம் பார்த்தோம், சீதனம் கதைத்தோம், மாப்பிள்ளையின் உத்தியோகம் விசாரித்தோம். இவளைக் கேட்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, “உனக்கு என்ன விருப்பம், பிள்ளை?” என்றேன். அந்தக் கேள்வி என் வாயில் இருந்து வர எவ்வளவு கூச்சம்!

“யோசிச்சுச் சொல்லுறன்” என்றாள். “அந்த அளவெட்டி ஆளோடை முதல்லை நான் கதைக்கவேணும். நீங்கள் இல்லை.”

“ஓம்” என்று சம்மதித்தேன்.

ஸ்கிரிப்டையும் திருத்திவிட்டாள். இப்போது எதை அனுப்புவதாக இருந்தாலும் அவளுடைய போனுக்கு ஒரு கேள்வி வரும்: ‘நிச்சயமா?’ அவள் ‘ஓம்’ அழுத்தினால்தான் ஃபைல் உடுப்பிட்டியை விட்டு அசையும். அடுத்த சனிக்கான என் வினாத்தாளைத் தடுத்து வைத்துக்கொண்டு, “அப்பா, மூண்டாம் வினாவிலை பிழை இருக்கு” என்றாள். பார்த்தேன். பிழைதான்.

நேற்று அளவெட்டி அம்மா திரும்பவும் அழைத்தார். “என்ன மாதிரி சேர், முடிவு?”

“மகள் இன்னும் ‘ஓம்’ அழுத்தேல்லை, அம்மா” என்றேன்.