ஒரு புத்தகம்கூடத் தொலையாத அலமாரி

போன மாதம் எங்கள் அடுக்ககச் சங்கக் கூட்டத்தில் நீண்ட விவாதம். தண்ணீர் மோட்டாரைப் பற்றியோ, பார்க்கிங் பற்றியோ இல்லை. லிஃப்டுக்கு எதிரே நிற்கும் புத்தக அலமாரியை எடுத்துவிடலாமா என்று.

ஸ்ரீரங்கத்தில் காவிரிக்குப் பக்கத்துத் தெரு எங்களுடையது. இங்கே குடிவந்த புதிதில் ஆளுக்கு நாலைந்து புத்தகம் கொடுத்து உருவாக்கிய அலமாரி அது. இரண்டாவது மாடியிலிருந்து நானும் கொடுத்தேன். கண்ணாடிக் கதவு, பித்தளைப் பூட்டு. சாவி, செயலாளர் ராஜமாணிக்கத்திடம்.

ராஜமாணிக்கம் லால்குடிக்காரர். கைலாசபுரத்துப் பெரிய தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் காவலில் ஒரு போல்ட் நட்டு குறைந்ததில்லை என்பார்கள். அலமாரியையும் அப்படித்தான் வைத்திருந்தார். மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் மாலை ஐந்து மணிவரை அவர் வீட்டு அழைப்பு மணியை யாரும் தொடக்கூடாது. ஸ்கூல் வேன் வருவது நாலு மணிக்கு!

அலமாரியை எடுக்கச் சொன்னவர் முதல் மாடி வரதன். அவருக்கும் காரணம் இருந்தது. “எங்காத்துக்கு வர்ற பார்சல் எல்லாம் வாட்ச்மேன் காலடியில கெடக்கறது. இந்த ரேக்கைக் காலி பண்ணினா சௌகரியமா வச்சுக்கலாமே. யார் படிக்கறா இதை?”

ராஜமாணிக்கத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. “இத்தனை வருஷத்துல ஒரு புத்தகம் தொலைஞ்சதில்ல சார்.”

“தொலையணும்னா யாராவது எடுக்கணும்ல சார்” என்றார் மூன்றாவது மாடி கவிதா.

எல்லோரும் சிரித்தார்கள். கவிதா சிரிக்கவில்லை. அவருடைய மகள் யாழினி நாலாம் வகுப்பு. பள்ளியில் ஹிந்தி எடுத்திருக்கிறாள். தமிழில் வாய் ஓயாமல் பேசுவாள்; படிக்கச் சொன்னால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவுவாள். வேனைவிட்டு இறங்கியதும் அவளாக எடுத்துப் புரட்டட்டும் என்று கவிதா பலமுறை சாவி கேட்டிருக்கிறார். “பூட்டைத் திறந்தா புத்தகம் நடந்து போயிடும்மா” என்பதுதான் பதில். இப்போது அலமாரியே போகப்போகிறது.

கடைசியில் ஓர் உடன்பாடு. அடுத்த கூட்டம்வரை பூட்டு வேண்டாம். அப்போதும் யாரும் தொடவில்லை என்றால் பார்சல் ரேக்.

முதல் இரண்டு வாரங்கள் யாழினியைத் தவிர ஒருவரும் தொடவில்லை. பூட்டில்லாத கதவைப் பார்த்துக்கொண்டே லிஃப்டுக்குக் காத்திருந்தார்கள். ராஜமாணிக்கம் மட்டும் மதியத் தூக்கத்தை விட்டுவிட்டுக் கீழே வந்து வந்து பார்த்தார்!

பிறகு வந்தது அந்தச் சனிக்கிழமை. மின்வாரியத்தின் மாதாந்திர ஷட்டவுன்.

திருச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் போகும் கரண்ட் மாலையில்தான் வரும். ஃபேன் இல்லை, வைஃபை இல்லை, கொஞ்ச நேரத்தில் போனில் சார்ஜும் இல்லை. காற்று வாங்க எல்லோரும் கீழே வந்துவிட்டார்கள். அங்கே படிக்கட்டில் உட்கார்ந்து யாழினி ஒரு திருடன் கதையை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். திருடன் மாடியில் ஒளிந்திருக்கிறான். போலீஸ்காரர் படியேறுகிறார். யாழினியின் வேகத்தில் ஏறுகிறார்...

பக்கத்து நாற்காலியில் வரதன். நெளிந்தார். பொறுத்துப் பார்த்தார்.

“ஏன்டி கொழந்தே, அவன் அகப்பட்டானா இல்லையா?”

“இருங்க மாமா. அவர் இன்னும் மாடிக்கே போகல.”

பாதியில் கவிதா மகளைச் சாப்பிடக் கூப்பிட்டார். யாழினி புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது புத்தகம் இல்லை.

ராஜமாணிக்கம் பதறிப்போனார். அவர் பயந்தது நடந்தேவிட்டது! லிஃப்ட் ஓடாததால் படியேறி ஒவ்வொரு வீடாகக் கேட்கக் கிளம்பினார். முதல் மாடியிலேயே விசாரணை முடிந்தது. கதவைத் திறந்த வரதனின் விரல் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களுக்கு நடுவே இருந்தது.

பின்னாலேயே ஓடிவந்த யாழினி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். “முடிவை மட்டும் சொல்லிடாதீங்க மாமா.”

அவர் சொல்லவில்லை. அவளே படித்து முடித்தாள், மூன்று நாள் எடுத்துக்கொண்டு. இப்போது கவிதாவுக்குப் புதுத் தொல்லை. ஸ்கூட்டரில் காவிரிப் பாலம் தாண்டியதும் பின்னாலிருந்து ஒவ்வொரு கடைப் பலகையாக வாசிக்கிறாளாம். படித்து முடிக்காத பலகைக்காக வண்டியை நிறுத்தச் சொல்கிறாளாம்!

அந்த ஷட்டவுனுக்குப் பிறகு அலமாரியில் ஓட்டை விழ ஆரம்பித்தது. வரதன் படித்தார் என்றால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஒரு புத்தகம் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் கிடந்தது. ஒன்று லிஃப்டுக்குள் கிடந்து, மேலும் கீழுமாகப் போய், யாரோ எடுத்துக்கொண்டார்கள்.

‘யாருமே படிப்பதில்லை’ என்று நாம் எல்லோரும்தான் அலுத்துக்கொள்கிறோம். வீட்டுக்கு வந்தவர் ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டினால் மட்டும் நம் கண் அவர் கையைவிட்டு நகராது. பத்திரமாக வைக்கத் தெரிந்த நமக்குப் பறிகொடுக்கத் தெரியவில்லை. கொஞ்சம் தொலைந்தால்தான் என்ன?

போன ஞாயிறு மறுபடி கூட்டம். இந்த முறை பார்சல் பேச்சை எடுத்தவர் வரதன் இல்லை. வேறொருவர் எழுந்து, அலமாரிதான் காலியாகக் கிடக்கிறதே, இனிமேல் பார்சல் வைக்கலாமே என்றார். கவிதா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் ராஜமாணிக்கம் எழுந்துவிட்டார்.

“நான் ஸ்டோர்ஸ்ல இருந்தவன் சார். ரேக் நிறைஞ்சு கெடந்தா வேலை நிக்குதுன்னு அர்த்தம். காலியானா ஃபேக்டரி ஓடுது. அதுல யாரும் பார்சல் வைக்கக்கூடாது.”

அலமாரி இருந்த இடத்திலேயே இருக்கிறது. இன்று காலை எட்டிப் பார்த்தேன். எஞ்சியிருப்பது ஒரே ஒரு புத்தகம். எழுதியவர் பெயர் வேண்டாமே... இரண்டாவது மாடியில்தான் குடியிருக்கிறார்!