அழிக்கவிருந்த டிஸ்க்

இன்று காலை நாயுடுபுரத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் வேலை. கரண்ட் போய் வந்ததில் சர்வர் பூட் ஆகவில்லை. ஓஎஸ் இருக்கும் டிஸ்க்கை அழித்துவிட்டு, ஓஎஸ்ஸைப் புதிதாகப் போட வேண்டும்.

உள்ளே இரண்டு டிஸ்க். ஒன்றில் ஓஎஸ், இன்னொன்றில் படங்கள். ஒரே கம்பெனி, ஒரே அளவு. திரையில் முதலில் வருவதுதான் ஓஎஸ் டிஸ்க் என்று அதை அழிக்கத் தேர்ந்தெடுத்தேன். எப்போதும் அப்படித்தான் செய்வேன்.

"தம்பி, படம் கெடக்குற டிஸ்க்கைக் கழட்டி வச்சுட்டு அழிங்களேன்" என்றார் ஸ்டுடியோ அக்கா.

"எது எதுன்னு எனக்குத் தெரியும்க்கா. வெரசா முடிக்கணும், போளூர்ல வேற சோலி கெடக்கு."

"அந்தா பெஞ்சுல உக்காந்திருக்காங்களே, அவங்களும் போளூர்தான். வீட்டுக்காரர் போன வாரம் தவறிட்டாரு. அவரு படம் இங்க மட்டுந்தான் இருக்கு. ஆயுதபூஜைக்கு நான் படம் இருக்குற டிஸ்க்குக்கு மட்டுந்தான் பொட்டு வப்பேன். ஒரு தடவ பாத்துருங்க."

எரிச்சலோடுதான் மூடியைத் திறந்தேன்.

பொட்டு வைத்த டிஸ்க்கின் சீரியல் நம்பரும், அழிப்பதற்காக நான் திரையில் தேர்ந்தெடுத்திருந்த டிஸ்க்கின் நம்பரும் ஒன்று.

ஒரு எண்டர்தான் பாக்கி.

அதைக் கழற்றி அக்கா கையில் கொடுத்துவிட்டு, மற்றதில் ஓஎஸ் போட்டேன்.

மதியம் படம் பிரிண்ட் ஆகி வந்தது. அந்த அம்மா வாங்கிப் பார்த்து, "சிரிச்சுக்கிட்டுல்ல இருக்காக" என்றார். பிறகு என்னிடம், "ரொம்ப நன்றிங்க தம்பி."



சீரியல் நம்பர் பார்க்காமல் டிஸ்க் அழிக்கிறவர்கள் கீழே கமெண்ட்டில் கையைத் தூக்குங்கள். முதல் கை என்னுடையது.