செல்வி அக்காவின் பக்கத்தில் வந்த ஆறாவது வரி

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்களும் சிரிப்பீர்கள், சிரியுங்கள்.

குருபோங்கில் ஒரு கடைவீட்டு மாடியில் உட்கார்ந்து இணையப் பக்கங்கள் செய்து கொடுக்கிறேன். கல்யாணமோ கருமாதியோ, ஒரே கூத்துதான். படிவத்தில் பெயர், ஊர், உறவு போட்டுப் பொத்தானை அழுத்தினால், நான் எப்போதோ எழுதி வைத்த ஐந்து வரிகளுக்குள் அவை போய் உட்கார்ந்துகொள்ளும். குடிகாரனுக்கும் அதே வரிதான், கோயில் தலைவருக்கும் அதே வரிதான். அதைப் படித்துவிட்டு, "எங்கப்பாவ அப்படியே எழுதிட்டீங்க" என்று கண்ணைத் துடைக்கிற கூட்டத்தைப் பார்த்தாலே எனக்கு இளக்காரம்.

அன்று மத்தியானம் புக்கிட் ரம்பாயிலிருந்து செல்வி அக்கா வந்தார். தொழிற்சாலையில் வேலை. லாரி ஓட்டிய கணவருக்குப் பதினாறாம் நாள் காரியம் வருகிறது. அவர் சொல்லச் சொல்ல நானே தட்டினேன். பக்கம் வந்தது. என் ஐந்து வரிக்குக் கீழே இன்னொன்று: 'செலுவி கேசு மூடலெ பாப்பா தூங்குது.'

என்னோடு இந்த வேலை பார்க்கிற கூட்டாளி செய்த குறும்பு என்று பல்லைக் கடித்தேன். அக்கா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இது அவரு எழுத்து தம்பி. என் பேர அப்படித்தான் எழுதுவாரு."

"சும்மா இருங்கக்கா, சிஸ்டம் கோளாறு லா."

அதற்குள் அவர் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டுவிட்டார். கதவை உடைத்துப் போயிருக்கிறார்கள். வீடு முழுக்க கேஸ் வாடை. நைட் ஷிப்ட் முடிந்து படுத்திருந்த மகள், வீட்டில் பாப்பா என்று கூப்பிடுகிறவள், மயங்கிக் கிடந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டாள்.

நம்பினால் நம்புங்கள், அந்த வரி நான் எழுதி வைத்ததில் எங்குமே இல்லை. கூட்டாளி சத்தியம் செய்தான். அவன் சத்தியம் காலணா பெறாது, ஆனால் அக்காவுக்கு மகள் இருப்பதே அவனுக்குத் தெரியாது.

பிறகு அக்கா திரும்பி வந்து, "அவருக்குப் பதில் எழுத ஒரு எடம் வச்சுக் குடுப்பா" என்றார். உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே எங்கும் போய்ச் சேராத ஒரு வெறும் பெட்டியைச் செய்து கொடுத்தேன். 'பாப்பா நல்லா இருக்கா' என்று அவர் தட்டி அனுப்பினார்.

அதன் கீழே சின்ன எழுத்தில் 'படிக்கப்பட்டது' என்று விழுந்தது. அப்படி ஒன்று காட்டும்படி நான் எதையும் செய்யவில்லை. இன்றும் அக்கா எழுதுகிறார். இப்போதெல்லாம் அவர் தட்டி முடிப்பதற்கு முன்பே அது விழுந்துவிடுகிறது.